சமத்து

பெயர் வைத்த அன்று குழந்தை அழவேயில்லை. காதருகே "நிறைமதி" என்று நாத்தனார் கூப்பிட்டபோதும் கண்ணைத் திறக்கவில்லை. "இப்படியொரு சமத்தப் பாத்ததே இல்ல" என்று சொல்லிச் சொல்லி வந்தவர்கள் மடிக்கு மடி வாங்கிக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து வீட்டையே கத்தலில் வைத்திருந்த பிள்ளை. பெற்றவள் வேணிக்கு நிற்கவும் தெம்பில்லை. அறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

ரவிக்கையின் ஈரம்தான் அவளை எழுப்பியது. மார்பு கல்லாய்க் கனத்து, பால் தானாக வழிந்துகொண்டிருந்தது. கூடத்துக்கு ஓடினாள்.

"பாப்பா பாலுக்கு அழலியா?"

"இல்ல அண்ணி. சமத்தாத் தூங்குறா."

வாங்கி மார்பில் வைத்தாள். உதடு அசையவில்லை. பாதம் சில்லென்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உள்ளங்காலைச் சுண்டினார். கால் லேசாக இழுபட்டது, சத்தம் வரவில்லை.

"எப்பருந்து இப்படி இருக்கா?"

"காலையிலருந்தே சமத்தா…" வேணி பாதியில் நிறுத்தினாள்.

டாக்டர் மறுபடியும் சுண்டினார்.

வேணி குழந்தையின் காதருகே குனிந்தாள். "அழுடி தங்கம். கத்துடி."

பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டது. அதன் அம்மா அலுப்போடு தட்டிக்கொடுத்தாள். "சமத்துல்ல… அழக் கூடாது."