இந்தத் தடவையும் விரிசல்

"இந்தத் தடவையும் விரிசல்" என்றார் அப்பா, போனில். ஹலோகூடச் சொல்லவில்லை.

எதிர்முனையில் அம்மா. ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், வேறோர் ஆய்வுக்கூடத்தில் உலையில் படிகம் வளர்ப்பவள். வளர்த்ததைச் சின்ன டப்பாவில் போட்டு, சீல் வைத்து, அப்பாவின் ஆய்வுக்கு அனுப்புவாள். ஸ்பீக்கரில் அவள் குரல் கொதித்தது.

"ஊரெல்லாம் பாராட்டுற என் படிகம், உங்க கைக்கு வந்தா மட்டும் எப்படிங்க விரிசல் விடுது?"

"அதை என்னைக் கேட்டா? நேர்ல வந்து பாரு."

"உலையை யாரு பார்த்துக்கிறது, உங்க அக்காவா?"

"அப்ப விரிசலோடவே இருக்கட்டும்."

"வரேன். வந்து தொலைக்கிறேன்."

போனை வைத்துவிட்டாள். அப்பா மேஜை டிராயரைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. விசிலடிக்காத குறை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் முடித்தாயிற்று. வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அப்பாவோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து போகிறேன். வந்தால் இதே கூத்து. அம்மா வருவாள், சண்டை போடுவாள், ரயிலேறிவிடுவாள். அவள் வரும் நாளில்தான் எங்கள் வீட்டில் மூன்றாவது தட்டை எடுப்போம். ஒவ்வொரு தடவையும் அதில் தூசி படிந்திருக்கும். கழுவுவது நான்தான்.

வீட்டுக்கு வருவதே குறை கேட்கத்தான் என்றால், ஒரு நாள் வராமலே போய்விட மாட்டாளா? போன தடவை ரயிலேறும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். "உங்கப்பாவுக்கு என் படிகம் பிடிக்கலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லுடி."

ஆய்வுக்கூடத்தில் அப்பாவிடம் ஆராய்ச்சி செய்யும் ஓர் அக்கா உண்டு. நாள் முழுக்க செலோடேப்பும் கையுமாக இருப்பதால், நான் வைத்த பெயர் செலோடேப் அக்கா. பென்சிலுக்குள் இருக்குமே கிராஃபைட், அதில் ஒரு துணுக்கை டேப்பில் ஒட்டுவாள். மடிப்பாள், உரிப்பாள், மறுபடி மடிப்பாள். கடைசியில் ஓர் அணு கனத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். அதுதான் கிராஃபீன். அப்படியே விட்டால் அழுக்காகிவிடுமாம். அம்மாவின் படிகத்தையும் அதேபோல உரித்து, கிராஃபீனுக்கு மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு வைத்துப் பொதிவாள்.

"எதை வெச்சு ஒட்டுவீங்க?"

"பசையே கிடையாது. கிட்டக் கொண்டுபோனா போதும், தானா பிடிச்சுக்கும்."

"எங்க வீட்ல ரெண்டு பேருக்கு அது வேலை செய்யாது போல."

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மா படிகம் எல்லாம் விரிசல்னா, நீங்க எதைக்கா உரிக்கிறீங்க?"

"விரிசலா? யாரு சொன்னா? முதல் டப்பாவுல வந்ததைத்தான் இன்னும் உரிச்சிட்டிருக்கேன். கடுகளவுதான் இருக்கும். ஆனா வருஷக்கணக்கா வரும். தங்கம்டி அது."

"அதுக்கப்புறம் வந்ததெல்லாம்?"

"சார் டிராயர்ல. என்னைத் தொட விடறதில்லை."

சனிக்கிழமை காலை அம்மா வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேராக ஆய்வுக்கூடம். தோளில் பை, கலைந்த தலை. அப்பா மழமழவென்று ஷேவ் செய்து, புதுச் சட்டை போட்டிருந்தார்.

"எங்கே அந்த விரிசல்?"

"முதல்ல ஒரு காபி குடி."

"காபி குடிக்கவா ராத்திரி பூரா உட்கார்ந்துட்டு வந்தேன்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அப்பாவின் சட்டைப் பையிலிருந்து சாவியைப் பிடுங்கி, டிராயரைத் திறந்தேன். வரிசையாக டப்பாக்கள். ஒன்றில்கூட சீல் உடையவில்லை.

"பாரும்மா! எதையுமே பிரிக்கலை. பார்க்காமலே உன் வேலையைக் குறை சொல்லியிருக்கார். இவருக்காகத்தான் நீ மாங்கு மாங்குன்னு ஓடி வரே!"

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. செலோடேப் அக்கா மைக்ராஸ்கோப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

"வேற என்ன சொல்றது?" என்றார் அப்பா, என்னைப் பார்த்து. அம்மாவைப் பார்க்கத் தைரியமில்லை. "சும்மா வான்னு கூப்பிட்டா, உலை எரியுது, லீவு தரமாட்டாங்கன்னு சொல்றா. படிகத்துல கோளாறுன்னாதான் அடுத்த ரயில்ல வரா."

இப்போது வெடிப்பாள். பையைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டேஷன்தான். நானே டிராயரைத் திறந்து காட்டிக் கெடுத்துவிட்டேன். ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றேன்.

அம்மா கதவுப் பக்கம் வரவில்லை. டிராயருக்குள் கையை விட்டு, கடைசியாக வந்த டப்பாவை எடுத்தாள். சீலை நகத்தால் கீறினாள். மூடியைத் திறந்து அப்பாவின் மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"எங்கே, விரிசலைக் காட்டுங்க பார்ப்போம்."

அப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

டப்பாவுக்குள் ஒன்றுமே இல்லை.

"ரொம்ப நாளா காலி டப்பாதான் அனுப்பறேன்" என்றாள் அம்மா. "அனுப்பிச்சிட்டு, விரிசல்னு எப்ப போன் வரும்னு, பையை அடுக்கி வெச்சுட்டு உட்கார்ந்திருப்பேன்."