இன்னொரு வாய்

சுற்றுலாப் பேருந்துகளில் இப்போதெல்லாம் பசிக்கு ஆளுக்கொரு மாத்திரை. ருசிக்கு, முறைவைத்து ஒருவர் சாப்பிட்டால் போதும். வண்டியிலுள்ள எல்லாருக்கும் ருசிக்கும்.

குற்றாலம் போகும் வண்டியில் அன்று நல்லமுத்துவின் முறை. சாப்பாடு, அவர் மனைவி செண்பகவல்லி கட்டிவந்த புளியோதரை. எட்டு வருடம் முன்பு வந்த காய்ச்சலில் அவருக்கு ருசி போய்விட்டது. வண்டியில் மற்றவர்கள் மென்றபோது ருசித்தது; தானே மென்றால் ஒன்றுமில்லை. மனைவியிடம் அதை மறைத்துத் தினமும் 'பிரமாதம்' என்று சொல்லியே ஓட்டிவிட்டவர், வேர்க்க வேர்க்க ஒரு கவளம் மென்றார்.

"அண்ணே, ஆரம்பிச்சாச்சா?" என்றார் ஓட்டுநர்.

"மென்னுக்கிட்டுத்தான் இருக்காரு. அட்டைய மெல்லுற மாதிரில்ல இருக்கு!" என்றது பின்னிருக்கை.

செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது. "அப்ப தெனமும் பிரமாதம்னது?"

"ஒம் மொகத்தப் பாத்துச் சொன்னதுதான்."

அவள் பொட்டலத்தைப் பிடுங்கித் தன் வாயில் ஒரு கவளம் போட்டாள்.

"ஆத்தி, உப்பு!" வண்டியே தண்ணீர் பாட்டிலுக்குப் பாய்ந்தது. அவளே முகம் சுளித்தாள்.

நல்லமுத்து மட்டும் கண்ணை மூடியிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"வல்லி, இன்னொரு வாய் சாப்பிடேன்."

"வேணாம்க்கா!" என்று வண்டி அலறியது.

அவள் கை மறுபடியும் பொட்டலத்துக்குள் போயிற்று.