தியான மண்டபத்துக் குறட்டை

அந்தக் குறட்டைச் சத்தம் ஆராய்ச்சி மாணவிக்கு இன்றும் காதில் இருக்கிறது. முதலில் பூனை உறுமுவதுபோல மெல்ல. பிறகு மேட்டில் ஏறும் லாரி.

பௌத்த தியான முகாம் அது. மண்டபம் நிறையப் பேர் கண்மூடி மூச்சைக் கவனிக்கிறார்கள். இங்கே வந்து போனால் மனநிம்மதி கூடுகிறதா என்பதுதான் அவளுடைய ஆய்வு. நடுவில் இப்படி ஒரு லாரி.

முகாமில் பேசக் கூடாது. அலுவலக அறையில் மட்டும் பேசலாம். இடைவேளையில், முகாமுக்கு வந்திருந்த வக்கீலம்மா ஒருவர் அங்கே புயலாக நுழைந்தார்.

"மூச்சைக் கவனிக்கச் சொல்றீங்க. எனக்குப் பக்கத்து மூச்சுதான் கேக்குது! ஒண்ணு அவங்க போகணும், இல்லே நான் போறேன்."

ஆள் குறைந்தால் ஆய்வு ஆட்டம் காணும். தூங்குகிறவரையும் சேர்த்துத் தியானத்தின் பலன் என்று எழுதினால், பேராசிரியர் கிழித்துத் தொங்கவிடுவார்.

குறட்டைக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டாள். வந்தவர் தையல் வேலை செய்யும் அம்மா. கன்னத்தில் திண்டின் தடம் பதிந்திருந்தது.

"தியானம் பிடிக்கலையாம்மா?"

"ஐயோ, ரொம்பப் பிடிச்சிருக்கு. 'கண்ணை மூடுங்க'ன்னு சொல்றாங்க பாருங்க, அதுவரைக்கும் நல்லாக் கேக்குது."

மாணவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீலம்மாவுக்கு வரவில்லை.

"தூங்கறதுக்கு லாட்ஜுல ரூம் போட வேண்டியதுதானே?"

"லாட்ஜுல போன் அடிக்குமேம்மா. இங்கேதான் வாங்கிப் பூட்டி வெச்சிடறாங்க." தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினார். "என் பொண்ணு வளந்தவ. மனசு மட்டும் குழந்தை. நான் கண் அசந்தாப் போதும், கதவைத் தெறந்துக்கிட்டு ரோட்டுல இறங்கிடுவா. இப்போ என் ஓரகத்தி பாத்துக்கறா. 'போய் நிம்மதியா இருந்துட்டு வாக்கா'ன்னு அனுப்பினதே அவதான். இனிமே இப்படி எப்போ கிடைக்குமோ... அனுப்பிடாதீங்கம்மா."

வக்கீலம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார்.

'மூச்சைக் கவனிச்சு என்ன பிரயோஜனம்? எதிர்ல இருக்கிற மனுஷியைக் கவனிக்கத் தெரியலையே!' என்று மாணவி மனதுக்குள் பொருமினாள். வருவது வரட்டும் என்று தையல்காரம்மாவைக் கடைசி வரிசைக்கு மாற்றினாள். முகாம் முடியும்வரை வக்கீலம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, பலன் நிலைத்திருக்கிறதா என்று எல்லோரையும் போனில் விசாரிக்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தையல்காரம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

"மெதுவாப் பேசுங்க. அவங்க தூங்கறாங்க."

கறாரான குரல். எங்கேயோ கேட்ட குரல்.

"வக்கீலம்மா! நீங்க எப்படி அங்கே?"

"ஞாயிறு ஆனா வந்துடுவேன். நானும் இந்தப் பொண்ணும் சட்டைக்குப் பொத்தான் பிரிச்சு அடுக்கறோம். ஏய் கண்ணு, கதவுகிட்டப் போகாதே, இங்கே வா... ம், கேக்கறதைச் சீக்கிரம் கேளுங்க."

மாணவி அவரிடமே கேட்டாள்.

"தியானத்தைத் தொடர்ந்து செய்யறீங்களா?"

"எங்கேம்மா? அங்கேயிருந்து வந்தப்புறம் ஒரு நாள்கூட உக்காரலை. உள்ளதைத்தானே எழுதணும்? எழுதிக்கோங்க."

ஆய்வு அச்சில் வந்தது. அதில் வக்கீலம்மா, பயிற்சியைக் கைவிட்டவர்களில் ஒருவர்.