பொத்தோசியில் ஒரு ஜோடிக் காது

பூமித்தாய்க்கு முதல் வாய்ச் சோளக்கள்ளை ஊற்றிவிட்டு, மிச்சமிருக்கிற பற்களின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்றைக்கு நான் சொன்ன பொய்களைக்கூட உள்ளபடியே சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண், வெள்ளி மலையை ஒட்டிய பொத்தோசி ஊரின் சதுக்கத்தில், பேராலயப் படிக்குக் கீழே, ஊர் வரைபடத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்தாள். ஒருவரும் நிற்கவில்லை.

வழி தெரியாமல் விழிக்கிறாள் என்று பார்த்ததுமே புரிந்தது. நானும் அப்படித்தான் விழித்துக்கொண்டிருந்தேன். அன்று காலைதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தேன்.

என் ஊர் ரிபெரால்தா. கீழே, ஆற்றங்கரையில், நல்ல வெயிலில் இருக்கிறது. அங்கே என் கதைகளை எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள். நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும். மனைவி இருந்தவரை அவளாவது "பொய்" என்பாள். இப்போது அதற்கும் ஆளில்லை. புதுக் காது தேடித்தான் இவ்வளவு உயரம் ஏறி வந்தேன். வந்து பார்த்தால், இங்கே பெஞ்சு முதலிலிருந்தே காலி.

இந்தப் பெண்ணைச் சாயங்காலம் வரையாவது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

"என்ன தாயி, வெளியூரா?"

அவள் என் ஓலைத் தொப்பியைப் பார்த்தாள். "பார்த்தாலே தெரியுதா தாத்தா?"

"தெரியாம? நான் இங்கேயே பொறந்து வளர்ந்தவன். அந்தக் காகிதத்தை மடி. அதுல என்ன இருக்கு? நான் காட்டறேன் வா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, வரைபடத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

வளைந்து வளைந்து ஏறுகிற சந்து. எனக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சு மத்தளம் கொட்டியது. அவளோ பேசிக்கொண்டே ஏறினாள். சின்ன வயசு, நல்ல நுரையீரல்.

"தெரு ஏன் தாத்தா இப்படி வளையுது?"

"எல்லாம் ஒரு கோவேறு கழுதை பண்ண வேலை. மலையிலேருந்து வெள்ளி சுமந்துட்டு வந்துச்சு. எவனோ அதுக்குக் கள்ளை ஊத்தி விட்டுட்டான். அது தள்ளாடிக்கிட்டே போன வழியில ரெண்டு பக்கமும் வீடு கட்டிட்டாங்க."

"அப்புறம்?"

நான் நின்றுவிட்டேன். மூச்சுக்காக அல்ல. என்னைப் பார்த்து ஒருவர் 'அப்புறம்?' என்று கேட்டு எத்தனை காலமாயிற்று!

அந்தக் காலத்தில் வெள்ளிக்காசு அடித்த, இப்போது காட்சிசாலையாகிவிட்ட பழைய நாணயச்சாலைக்குப் போனோம். வாசல்காரர் சீட்டுக்கூடக் கேட்காமல் தலையசைத்து உள்ளே விட்டார்.

"நம்ம முகம் அவங்களுக்குப் பழக்கம்" என்றேன்.

"அப்படித்தான் தெரியுது" என்றாள்.

முற்றத்து வளைவுக்கு மேலே மாட்டி வைத்திருந்த பெரிய பொம்மை முகமொன்று சிரித்துக்கொண்டிருந்தது. யார் என்று கேட்டாள்.

"எங்க தாத்தாவோட தாத்தா. இங்கேதான் வேலை. ஒருநாள் ஒரு காசை வாயில ஒதுக்கிட்டார். காவக்காரன் என்ன கேட்டாலும் பதில் சொல்லாம சிரிச்சே சமாளிச்சார். சிரிச்ச முகம் அப்படியே நின்னுபோச்சு."

"பாட்டி ஒண்ணும் சொல்லலையா?"

"என்னைக்கும் இல்லாம இன்னைக்கு என்ன சிரிப்புன்னு சந்தேகப்பட்டு, அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க."

பசித்தபோது சந்தைக்குப் போய்க் கலபுர்கா வாங்கினோம். சோளமாவுச் சூப்புதான். ஆனால் பழுக்கக் காய்ச்சிய கல் ஒன்றை நடுவில் போட்டுக் கொடுக்கிறார்கள். அப்படியொரு சாப்பாட்டை நான் கண்டதே இல்லை. கிண்ணம் எரிமலை மாதிரிக் குமுறியது. உள்ளூர்க்காரன் தயங்கலாமா? கரண்டியை எடுத்தேன்.

அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். "தாத்தா, அந்தக் கழுதைக்குக் குட்டி இருந்துச்சா?"

"இருந்துச்சே, நாலு." கோவேறு கழுதை குட்டி போடாது என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"நாலுக்கும் பேர் வெச்சாங்களா?"

நாலு பேரையும் சொல்லி முடிப்பதற்குள் குமுறல் அடங்கிவிட்டது. எதிரே ஒரு முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டு வெகுநாளாயிற்று. சூப்பு ருசியாக இருந்தது.

சாயங்கால வெயில் தெருவை விட்டுக் கூரைகளுக்கு மேலே ஏறிவிட்டது. குளிர் இறங்கியது. நானும் ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு கதை சொல்லி நடையை நீட்டிப் பார்த்தேன். என்ன செய்தும் சதுக்கம் வந்துவிட்டது.

அங்கே, காலையில் அவள் நின்ற அதே படிக்குக் கீழே ஓர் ஆள் வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றான்.

"பார்த்தியா தாயி, இன்னொருத்தன் வழி தெரியாம முழிக்கிறான்" என்றேன்.

அவன் எங்களைப் பார்த்துச் சிரித்து, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"என்ன வைரா, காலையிலேயே உனக்குக் கிராக்கி மாட்டிருச்சு போல! நான் மத்தியானத்துலேருந்து படத்தை விரிச்சுக்கிட்டு நிக்கிறேன், ஒரு ஈ காக்கா வரல. ஐயாவுக்கு ஊரை ஒழுங்காச் சுத்திக் காட்டினியா?"

அந்த ஊர் வழிகாட்டிகள் அப்படித்தான் நின்று ஆள் பிடிப்பார்களாம்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. நாள் முழுக்க இவள் உள்ளுக்குள் எவ்வளவு சிரித்திருப்பாள்! தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். விடுதி எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஓடி வந்து முன்னால் நின்றாள். அன்றைக்கு முதல்முறையாக அவளுக்கும் மூச்சு வாங்கியது.

"தாத்தா, நாளைக்கு வர்றவங்ககிட்ட உங்க கதையையெல்லாம் நான் சொல்லிக்கலாமா?"