வயிற்றுத் துண்டு

மீன் தின்னும் பேய் வங்காளத்துக்குப் பழசுதான். ஆனால் அதைக் குளத்தங்கரைப் புளியமரத்தில் குடிவைத்தவன் மீன்காரன் நிபாரண். வாங்குபவர்களுக்கு ரோகுவை எட்டாக நறுக்குவான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு வயிற்றுத் துண்டை மட்டும் அரிவாள்மணைக்கு அடியில் தள்ளிவிடுவான்.

“ஏழுதானே இருந்துச்சு, நிபாரண் அண்ணா?” என்று மறுநாள் வாத்தியார் மனைவி பிஜோயா வந்து நின்றால், “குளத்தோரமாவா போனீங்க, அண்ணி?” என்று கேட்பான். அவ்வளவுதான். மூன்றே மாதத்தில் அந்தப் பேயின் பல்லைப் பார்த்தவர்களே ஊரில் நாலு பேர்.

அன்று சந்தைக்கு எடை சோதிக்கும் அதிகாரி வந்திருந்தார். நிபாரண் எல்லோருக்கும் எட்டுத் துண்டையும் எண்ணியே போட்டான். பத்து மணிக்கு பிஜோயா திரும்பி வந்தாள்.

“இன்னிக்கும் ஏழுதான்! புளியமரத்தைத் தாண்டும்போதே பை லேசாச்சு.”

நிபாரணுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. ஊர் இப்போது தானாகவே கதை கட்டக் கற்றுக்கொண்டுவிட்டது.

மதியம் தன் வீட்டுக்கும் ஒரு ரோகுவை எட்டாக நறுக்கிப் பையில் போட்டு, வாயை இறுக்கி முடிச்சுப் போட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குளத்தோரமாகவே நடந்தான்.

வீட்டில் அவன் மனைவி பசந்தி அந்த முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள். மஞ்சள் தடவுவதற்காகத் துண்டுகளைத் தட்டில் எடுத்து வைத்தவள், பையை உதறிப் பார்த்தாள்.

“ஏழுதான் இருக்கு. வயித்துத் துண்டுல ஒண்ணக் காணோம்” என்றாள். “ஏங்க, நம்ம வீட்டுக்குமா?”