‘டு’வா, ‘இங்’கா?

மயில்சாமியைக் கீழ் வகுப்புக்கு மாற்றிவிடுவது என்று சரிதா முடிவு பண்ணிவிட்டாள்.

நாமக்கல்லில் அவள் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலேயே வயதில் மூத்த மாணவர் அவர்தான். போர்வெல் தொழிலை மகன் கையில் கொடுத்துவிட்டு, போனில் மட்டும் உதவிக்கொண்டு ஓய்வாக இருப்பவர். மனைவி சௌந்திரத்தைச் சேர்த்துவிட வந்தவர், "எம்பேரையும் எழுதிக்குங்க" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உண்மையில் படிக்க வேண்டியது சௌந்திரம்தான். கோழிப்பண்ணையைத் தனியாளாக நடத்துகிறவள். ஐதராபாத்தில் பண்ணைக்காரர்கள் கூட்டம் ஒன்றில் இங்கிலீஷில் பேச அழைத்திருந்தார்கள். ஆனால் வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லை.

‘புருசன் இப்படிப் பக்கத்துலயே காவல் காத்தா எங்கிருந்து பேச்சு வரும்?’ என்று சரிதா நினைத்துக்கொண்டாள்.

போன வாரம் பாடம், வினைச்சொல்லுக்கு முன்னால் ‘டு’ போடுவதா, பின்னால் ‘இங்’ ஒட்டுவதா என்பது.

"‘என்ஜாய்’ வந்தா ‘இங்’தான். ‘வான்ட்’ வந்தா ‘டு’. எங்க சார், நீங்க ஒண்ணு சொல்லுங்க."

மயில்சாமி எழுந்தார். "ஐ என்ஜாய் டு டிரைவ்."

"டிரைவிங்."

"சரிங்க. ஐ வான்ட் டிரைவிங்."

வகுப்பே சிரித்தது. சரிதா பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சில வார்த்தைக்கு ரெண்டுமே வரும். ஆனா அர்த்தம் மாறிரும். ‘ஸ்டாப்’ அப்படித்தான். ‘டு’ போட்டா, அதைச் செய்யறதுக்காக நின்னேன்னு அர்த்தம். ‘இங்’ போட்டா, அதையே விட்டுட்டேன்னு அர்த்தம்."

"புரிஞ்சுதுங்க!" மயில்சாமி நெஞ்சை நிமிர்த்தினார். "ஆப்டர் மேரேஜ், ஐ ஸ்டாப்டு டு டிரிங்க்!"

பின்வரிசை மேசையைத் தட்டிச் சிரித்தது.

"ஏனுங்க, ‘இங்’ போடுங்க! மானம் போவுது!" படாரென்று எழுந்துவிட்டாள் சௌந்திரம். "தாலி கட்டுன கையோட கடைக்குப் போய் நின்ன மாதிரியல்ல சொல்றீங்க! ஐ ஸ்டாப்டு டிரிங்கிங். எங்க, சொல்லுங்க."

"ஐ ஸ்டாப்பிங் டு டிரிங்கிங்."

"அட கடவுளே!"

அன்று தொடங்கியது, நிற்கவே இல்லை. அவர் தப்பாகச் சொல்லுவார், சௌந்திரம் எழுந்து திருத்துவாள். திரும்பவும் தப்பு, திரும்பவும் திருத்தம். மற்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஒருவருக்காக வகுப்பையே கெடுக்க முடியாதல்லவா?

இன்று வகுப்பு முடிந்ததும், முடிவைச் சொல்லிவிட சரிதா அவரைத் தேடி வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நோ, நோ, வி ஸ்டாப்டு டிரில்லிங் அட் நூன். இஃப் யூ வான்ட் டு கன்டினியூ, ஐ டோன்ட் மைன்ட் சென்டிங் அனதர் ரிக்."

‘டு’வும் ‘இங்’கும் அதனதன் இடத்தில், இம்மி பிசகாமல் விழுந்தன.

"சார்!"

மயில்சாமி திடுக்கிட்டுப் போனை அணைத்தார். "கேட்டுப் போட்டீங்களா டீச்சரம்மா?"

"இவ்வளவு நல்லா பேசறீங்க?"

"ஆப்பிரிக்காவுல ரொம்ப வருசம் போர்வெல் போட்டனுங்க. அங்க இங்கிலீஷ் இல்லாட்டி சோறு ஏதுங்க?"

"அப்புறம் எதுக்கு சார் இந்த நாடகம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "தப்பாப் பேசுனா சிரிப்பாங்கன்னுதானுங்க அவ வாயத் தொறக்கல. அந்தச் சிரிப்ப நான் வாங்கிக்கிட்டா, அவ தகிரியமாப் பேசறாளுங்க. அங்க கை ஜாடையிலயே சமாளிச்சேன்னுதான் அவ நெனச்சிட்டிருக்கா, சொல்லிப் போடாதீங்க."

சரிதா அவரை எந்த வகுப்புக்கும் மாற்றவில்லை.

சௌந்திரம் ஐதராபாத் போனாள். மேடையேறிப் பேசினாள். கை நிறைய இனிப்போடு திரும்பி வந்து, கூட்டத்தில் நடந்ததையெல்லாம் இங்கிலீஷிலேயே வகுப்புக்குச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

மயில்சாமி எழுந்தார். "ஐ என்ஜாய்டு டு ஹியர் யுவர் ஸ்பீச்!"

"ஹியரிங்! இன்னும் திருந்தலீங்களா?" என்றாள் சௌந்திரம். வகுப்பு வழக்கம்போலச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

எல்லோரும் கலைந்ததும் சரிதாவால் அடக்க முடியவில்லை. "சௌந்திரம்மா, சாரைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு..."

"வேண்டாமுங்க டீச்சர், சொல்லாதீங்க." சௌந்திரம் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினாள். "ஊட்டுல அவுங்க போன்ல பேசறது எனக்குக் கேக்காதுங்களா? எனக்காகவே இத்தன பேரு முன்னால முட்டாளா நிக்கறாங்க. தெரிஞ்சதாக் காட்டி, அந்தச் சந்தோசத்த எதுக்குங்க கெடுக்கோணும்?"