உள்ளேன் ஐயா

ஏரிக்கரை நாவல்மரத்தில் பறவைகளின் கல்லூரி நடந்தது. அந்த ஆண்டு முதன்முறையாக ஓர் ஆமைக்கும் இடம் கொடுத்தார்கள். அடிமரத்தில் 'எல்லோரும் வருக' என்று பலகைகூட மாட்டினார்கள். வகுப்பு மட்டும் வழக்கம்போல உச்சிக்கிளையிலேயே நடந்தது.

ஆமை மரத்தடியில் உட்கார்ந்து பாடம் கேட்டாள். நாரைப் பேராசிரியர் பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்பாள். அவள் குரல் மேலே எட்டாது. "ஆமை வரவில்லை" என்று அவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

மைனாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் ஆமைக்காக அவளே மேலிருந்து "உள்ளேன் ஐயா" என்று கத்திவிட்டு, வகுப்பு முடிந்ததும் பெருமையாகக் கீழே வந்தாள்.

"இனிமே உன் வருகையை நான் பாத்துக்கிறேன்."

"எனக்குக் குரல் இருக்கு," என்றாள் ஆமை. "எனக்காக நீ சொல்ல வேண்டாம். முடிஞ்சா பக்கத்துல வந்து உட்காரு."

மறுநாள் மைனா மரத்தடியில் உட்கார்ந்து, ஆமையின் அளவுக்கே குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னாள். அவளுக்கும் வருகை போனது. அடுத்த நாளும் அவள் மேலே போகவில்லை. அவளைப் பார்த்துச் சிட்டுக்குருவிகள் இறங்கின. யோசித்து யோசித்துக் காகமும் இறங்கியது.

ஒரு காலையில் நாரை கூப்பிட்ட எந்தப் பெயருக்கும் பதில் மேலே எட்டவில்லை. குழம்பிப்போய்க் கீழே பறந்து வந்தவர், முதலிலிருந்து மறுபடி கூப்பிட்டார்.

"ஆமை."

மைனா வாயைத் திறக்கவில்லை.

"உள்ளேன் ஐயா."

நாரை கழுத்தை வளைத்துப் பார்த்தார். "நீ எப்பம்மா வந்தே?"

"முதல் நாளே வந்துட்டேன் ஐயா."